மரத்துக்குக் கொடுத்தது

குடையின் வளைந்த பிடி கிளைக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. எஸ்கில் நுனிக்காலில் எழும்பினான். இன்னும் அரைச் சாண். குதித்தால் எட்டும். ஆனால் வளர்ந்த ஆள் ஒருவன் வேலைநாளில் சூப்பான் மரத்தடியில் குதித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

கோபன்ஹேகன் குழந்தைகள் மூன்று வயது நெருங்கும்போது வாயில் வைத்துச் சப்பும் சூப்பானுக்கு ரிப்பன் கட்டி, இந்த மரத்தில் தொங்கவிட்டு, கையசைத்துவிட்டுப் போவார்கள். மரம் முழுக்கச் சூப்பான்கள். அடியில் ஒரு பலகை. ஏணி வைக்கக் கூடாது. கிளையில் ஏறக் கூடாது. மரத்துக்குக் கொடுத்தது மரத்துக்கே.

கடைசி வரி எஸ்கில் எழுதியது. நகரப் பூங்காத் துறையில் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது அவன் வேலை. அந்த வரிக்காக அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

மகள் டாக்னியின் சூப்பானையும் இங்கே கொடுத்துவிடலாம் என்று சொன்னவனும் அவன்தான். அவனும் மெரெட்டேயும் பிரிந்து ஓராண்டு ஆகிறது. டாக்னி ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம். அன்று மட்டும் மூவரும் சேர்ந்து வந்தார்கள். அவன் மகளைத் தோளில் ஏற்றினான். அவள் தன் பேர் எழுதிய பச்சை ரிப்பனைக் கிளையில் மாட்டினாள். கையசைத்தாள். மெரெட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மெரெட்டே வீட்டில். டாக்னி நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்த வாரம் அவன் வீட்டில். ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை. "என் சூப்பான்" என்று விடியும்வரை அழுதாள். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தான். சூப்பில் போட்டுவிட்டாள்.

மெரெட்டேக்குப் போன் செய்தான்.

"உன் வீட்ல எப்படித் தூங்க வெச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணல. படுத்தா, தூங்கினா."

"பாட்டு ஏதாவது?"

"இல்ல எஸ்கில். அவ என்கிட்ட நிம்மதியா இருக்கா போல. கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கட்டுமே?"

கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. அவன் நண்பன் ஒருவனுக்கு அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இன்று ராத்திரி டாக்னி தூங்க வேண்டும். அதற்கு அந்தச் சூப்பான் வேண்டும்.

அவன் குதித்தான். குடைப்பிடி கிளையில் மாட்டியது.

"எடுக்குறீங்களா, தம்பி?"

எதிர் பெஞ்சில் ஒரு வயதான பெண். மடியில் ஒரு குட்டை நாய். இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லையே," என்றான் எஸ்கில். "தொங்கவிடுறேன்."

"என்னத்த?"

சட்டைப் பையில் புதுச் சூப்பான் இருந்தது. வேறு வழியில்லை. எடுத்துக் காட்டினான்.

"புதுசா இருக்கே."

"சுத்தமா வெச்சிருப்பா."

"குழந்தை எங்க?"

"காய்ச்சல்."

"அப்போ சரியானதும் கூட்டிட்டு வரலாமே. குழந்தை இல்லாம அப்பன் மட்டும் வந்து தொங்கவிட்டு நான் பார்த்ததில்ல. தினம் இங்கதான் உக்காந்திருக்கேன். என் பேரு போடில்."

"அவளே அனுப்பிவெச்சா."

"ரிப்பன்?"

அவனிடம் ரிப்பன் இல்லை. போடில் கைப்பையைக் கிளறி, நாய்க்கழிவு அள்ளும் கறுப்புப் பை ஒன்றைக் கிழித்து நீளமாகத் திரித்துக் கொடுத்தாள். அவன் கை எட்டிய கீழ்க்கிளையில் கட்டினான்.

"இறுக்கிக் கட்டுங்க. காத்துல விழுந்தா இந்த நாய் கவ்விக்கும். நான் பல் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவ. இந்த மரம் எத்தனை பல்லைக் காப்பாத்திருக்கு தெரியுமா? நில்லுங்க, போட்டோ எடுக்கறேன். குழந்தைக்குக் காட்டணுமில்ல."

எஸ்கில் புன்னகைத்தான். படத்தில் அவன் பின்னால் அந்தச் சூப்பான் கறுப்பு வாலோடு தொங்கியது.

"கையும் ஆட்டுங்க," என்றாள் போடில்.

ஆட்டினான்.

குடை கிளையிலேயே இருந்தது. அதை இறக்குவதற்குள் மஞ்சள் மேலாடை போட்ட குழந்தைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பின்னால் ஓர் இளம் ஆசிரியை, முன்பக்கம் பெட்டி வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அவள் எஸ்கிலின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"பூங்காத் துறையா நீங்க? நல்லதாப் போச்சு. எங்க பிள்ளைங்க இன்னைக்கு எல்லாரும் கொடுக்குறாங்க. எனக்கு எட்டாது. கொஞ்சம் கட்டிவிடுறீங்களா?"

"நான் இங்க கிளையைப் பார்க்க வந்தேன்," என்றான் எஸ்கில். "மேல் கிளை. பலமா இருக்கான்னு."

"அப்போ மேல ஏறணுமே. இந்தப் பெட்டியில ஏறி நில்லுங்க. பலகையில ஏணி கூடாதுன்னுதான் போட்டிருக்கு. சைக்கிளைப் பத்தி ஒண்ணுமில்ல."

உண்மைதான். அது விட்டுப்போயிருந்தது.

பெட்டியில் ஏறியதும் மரம் கைக்குள் வந்தது. பச்சை ரிப்பன் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் மேலே ஏழெட்டு. அந்தக் கோடையில் ஊரில் வேறு நிறமே விற்கவில்லை போலிருந்தது.

குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து நீட்டினார்கள். அவன் வாங்கிக் கட்டினான். ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவில் ஒரு பச்சை ரிப்பனைத் திருப்பிப் பேர் பார்த்தான்.

"ரொம்பப் பொறுமையா பண்றீங்க," என்றாள் ஆசிரியை.

"ஆய்வுன்னா அப்படித்தான்."

போன் அதிர்ந்தது. மெரெட்டே. 'நேத்தும் தூங்கலைன்னு பகல் காப்பகத்துல சொன்னாங்க, பாவம். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?'

அவன் இந்த முறை பேர் பார்க்கவில்லை. எட்டிய பச்சை ரிப்பனைச் சரக்கென்று இழுத்து, உள்ளங்கையில் மூடி, பைக்குள் கொண்டுபோனான்.

"அந்த மாமா ஒண்ணை எடுத்துக்கிட்டாரு," என்றாள் கயிற்றின் கடைசியில் நின்ற சிறுமி.



"எடுத்துக்கலாமா?" என்றான் ஒரு பையன்.

"அப்போ எனக்கும் என்னோடது வேணும்."

"எனக்கும்."

கயிறு கீழே விழுந்தது. குழந்தைகள் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் எஸ்கிலின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான். ஆசிரியையின் முகம் வெளுத்தது.

"சார், இதுக்காக மாசக்கணக்கா பேசித் தயார் பண்ணிருக்கோம்," என்றாள் தாழ்ந்த குரலில். "கதை சொன்னோம். பெத்தவங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டோம். ஏதாவது சொல்லுங்க. தயவுசெஞ்சு."

எல்லோரும் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். போடிலும், நாயும்.

எஸ்கிலுக்கு ஒரே ஒரு வரிதான் தோன்றியது.

"மரத்துக்குக் கொடுத்தது," என்றான், "மரத்துக்கே."

"அப்போ அது?" என்றாள் சிறுமி, அவன் பையைக் காட்டி.

"இது கழண்டு கீழ விழப் பார்த்துச்சு. இறுக்கிக் கட்டப் போறேன்."

வெளியே எடுத்தான். அதில் 'வில்லும்' என்று யாரோ பையன் பெயர் எழுதியிருந்தது. இரட்டை முடிச்சுப் போட்டான். குழந்தைகள் உற்றுப் பார்த்ததால் மூன்றாவது முடிச்சும் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் இரண்டு குழந்தைகள் அழத் தொடங்கியிருந்தார்கள்.

"பூங்காத் துறை மாமாவுக்கு நன்றி சொல்லுங்க," என்றாள் ஆசிரியை.

சொன்னார்கள். கயிறு எழுந்தது. வரிசை அழுகையும் மூக்குறிஞ்சலுமாக நகர்ந்தது. சைக்கிளும் போயிற்று.

எஸ்கில் கீழே நின்றான். மரத்தில் முன்பைவிடச் சூப்பான்கள் கூடியிருந்தன. மேல் கிளையில் குடை தொங்கியது. இன்னும் சற்று நேரத்தில் டாக்னியைக் காப்பகத்திலிருந்து அழைக்க வேண்டும். பிறகு மெரெட்டேக்குப் பதில் எழுத வேண்டும். சரி, கூட்டிட்டுப் போ. எழுத அவ்வளவுதான் இருந்தது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். போடில் நாயை நகர்த்தி இடம்விட்டாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி மூடியை அவனிடம் நீட்டினாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல, இல்லையா?"

"இல்ல."

"மேல் கிளையும் நல்லாத்தான் இருக்கு."

"இருக்கு."

"இத்தனை பொய் எதுக்கு, தம்பி?"

எஸ்கில் காபியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"என் பொண்ணோட சூப்பான் அந்த மரத்துல இருக்கு. கொடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். இப்போ என் வீட்ல அவ தூங்க மாட்டேங்குறா. அம்மாகிட்ட மட்டும் தூங்குறா. ஒரு அழுகை இல்லயாம். அவங்க ஒண்ணுமே பண்ணலயாம். அப்போ குறை என்கிட்டதானே? இன்னைக்கும் தூங்கலன்னா அவ போயிடுவா. என் வாரம்னு ஒண்ணு இனிமே இருக்காது."

போடில் நாயின் காதை நீவினாள்.

"அந்தப் பலகையில இருக்கற வரியை எழுதினதும் நான்தான்," என்றான்.

"நல்ல வரி."

"பச்சை ரிப்பன். டாக்னின்னு பேர் எழுதியிருக்கும். உங்க கண்ணுல பட்டிருந்தா எந்தக் கிளைன்னு சொல்லுங்க. இல்ல, எடுக்கக் கூடாதுன்னா அதையும் சொல்லுங்க. போயிடறேன்."

போடில் அவன் பக்கம் திரும்பினாள்.

"டாக்னியோடதா? அதை அவ அம்மா அன்னைக்குச் சாயங்காலமே அழுதுக்கிட்டு வந்து கேட்டாங்க. அவங்க ஏறி எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் வராம நான்தான் பார்த்துக்கிட்டேன்."