சிஸ்டர் கொடுத்த டேப்லெட்

உள்ளே போன லாரி டிரைவர் அரைமணி நேரமாகியும் வெளியே வரவில்லை. மூட்டு டாக்டர் ஓர் ஆளுக்கு ஒதுக்குவது பத்தே நிமிஷம். வாசலில் காத்திருந்தவர்கள் நர்ஸை முறைத்தார்கள். அவளுக்கோ பெருமை பிடிபடவில்லை.

பின்னே? இதே டிரைவர் போன மாதம் "வலிக்குது சார்" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு, எந்த முழங்கால் என்றுகூடக் காட்டாமல் திரும்பியவர். அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான், டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று அவள் ஒரு பாடம் தயாரித்தாள். டேப்லெட் என்கிற கம்ப்யூட்டர் பலகையில் ஒரு உடம்புப் படம் வரும். வலிக்கிற மூட்டைத் தொட்டால் சிவக்கும். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, என்னென்ன மருந்து, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தாளில் அச்சடித்துத் தரும்.

"உள்ள போறதுக்கு முன்னாடி டேப்லெட் தரேன்" என்று அவள் சொன்னபோது, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டவரும் அந்த டிரைவர்தான்.

ஒருவழியாகக் கதவு திறந்தது.

"பத்தொன்பது கேள்வி சிஸ்டர்! பதில் வாங்காம நகரலையே!" என்று மார்பை நிமிர்த்தினார் டிரைவர்.

பின்னாலேயே டாக்டரின் தலை நீண்டது. "சிஸ்டர், நான் வைத்தியம் பாக்குறேனா, பரீட்சை எழுதுறேனா?"

மறுநாளே பாடத்தில் கண்டிப்பு ஏறியது: ஆளுக்கு மூன்று கேள்விதான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரம்மா சொன்ன பேச்சு தட்டாமல் மூன்றே கேள்வி கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உட்பிரிவு.

"இது தாங்காது சிஸ்டர்" என்றார் டாக்டர்.

சரி, வழக்கமான கேள்விகளுக்குப் பதிலை வீடியோவாகவே போட்டுவிடலாம் என்று போட்டாள். வந்தது வேறு வினை. பெயர் கூப்பிட்டால் யாரும் எழுந்திருப்பதில்லை.

"இரும்மா, இடுப்பு முடிஞ்சு இப்பத்தான் தோள்பட்டை வந்திருக்கு. டாக்டர் எங்க போயிடப் போறார்?"

டாக்டர் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுலயே பாத்துட்டு வாங்க" என்று பாடத்தை எல்லார் போனுக்கும் அனுப்பினாள். அவர்கள் மச்சானுக்கு அனுப்பினார்கள், சம்பந்திக்கு அனுப்பினார்கள், மாடி வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை வாசல் கொள்ளாத கூட்டம். எல்லார் கையிலும் தாள்.

கூட்டத்தில் ஒரு இஸ்திரிக்காரம்மா. "ரெண்டு வருஷமாப் பெட்டியப் பிடிக்க முடியல சிஸ்டர். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். இது நோயாமே, மருந்து இருக்காமே? என் மருமக காட்டினா."

டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். அந்தம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா விரலெல்லாம் கோணியிருக்கும்."

கதவோரம் இருந்த நர்ஸ், இனி என்ன திட்டு விழுந்தாலும் விழட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

கடைசி ஆளையும் பார்த்து முடித்ததும், டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பாடத்த நானும் முழுசாப் பாத்தேன்" என்றார் கடுகடுவென்று. மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடித்துப் பையில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டருக்கு எழுதிய புகார்தான் அது என்று நர்ஸ் முடிவுகட்டினாள். நிமிர்ந்த முதுகோடு நின்றது சரி, வேலை போனால்? படியிறங்கி ஓடினாள். வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

"அண்ணே, டாக்டர் எந்தப் பக்கம் போனாரு? பெரிய டாக்டர் ரூமுக்கா?"

"ஆமா சிஸ்டர்."

"என்மேல புகார் குடுக்கத்தானே?"

"புகாரா? டோக்கன் வாங்கிட்டு, உங்க பாடம் அச்சடிச்ச தாளோட வரிசையில உக்காந்திருக்காரும்மா. அவருக்கே மூணு வருஷமா மூட்டுவலியாம். டாக்டர்னாலே பயமாம், உங்க பாடத்தப் பாத்த பிறகுதான் தைரியம் வந்துச்சாம்!"