‘வதக்கு’க்கு வந்த சோதனை

"என்னங்க எரியுது?"

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், மருத்துவமனையில் நர்ஸ் வேலை முடிந்து வந்த மனைவி.

"எதுவும் எரியலை. ‘வதக்கு’க்குப் பொருள் எழுதிட்டிருக்கேன்" என்றார் அகராதிக்காரர், புகைக்குள்ளிருந்து.

அவர் வீட்டிலிருந்தே எழுதுபவர். அலுவலக வண்டிக்காரர் வாரம் ஒரு சொல்லைச் சீட்டில் கொண்டுவருவார். போன வாரம் ‘உரி’, அதற்கு முன் ‘நறுக்கு’. எல்லாவற்றிலும் ‘செய்துபார்த்து எழுதவும்’ என்று ஒரு குறிப்பு. இந்தத் தடவை சொதப்பினால் வேலை இன்னொரு அகராதிக்காரனான சுருட்டைத்தலையனுக்குப் போய்விடும் என்றும் வண்டிக்காரர் காதில் போட்டிருந்தார். அந்த அரைகுறையிடமா? செத்தாலும் விடுவதாக இல்லை.

சொல்லின் வேர் சுலபமாகக் கிடைத்துவிட்டது. ‘வதங்கு’வின் பிறவினை. வெயிலில் கீரை வதங்கும், வரிசையில் நிற்கிற ஆளும் வதங்குவான். பொருள்தான் படுத்தியது. ‘ஈரம் போகும்வரை சூட்டில் புரட்டு’ என்று எழுதி, எழுதியபடியே செய்தார். வெங்காயம் கரியாகிவிட்டது.

"இது ‘கருக்கு’" என்றாள் மனைவி, நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு.

அடுத்த வெங்காயத்துக்குத் தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, மூடி போட்டார்.

"இது ‘அவி’."

விடுவாரா? மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்.

"இது ‘பொரி’. ஏங்க, அகராதி பூரா சுத்தறீங்களே, எப்போ ‘வ’வுக்கு வருவீங்க?"

அதிகப்படி எண்ணெயை வடிக்கப்போய் அடுப்பு, மேடை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எண்ணெய். கூடையில் ஒரே ஒரு வெங்காயம்தான் மிச்சம். வண்டிக்காரர் வருகிற நேரம் வேறு.

"போட்டுட்டுப் போட்டுட்டு எழுத ஓடினா எப்படி? பக்கத்துலயே நின்னு கிளறுங்க" என்றாள் மனைவி.

நின்றார். கண் எரிந்தது, நகரவில்லை. வெங்காயம் மெல்லத் துவண்டது. வாசனை வந்ததும் மனைவி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுதாங்க!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டு எழுதினார்: ‘வதக்கு: பக்கத்திலேயே நின்று, துவளும்வரை சூட்டில் கிளறு.’

சுருட்டைத்தலையன் எழுதட்டும் பார்க்கலாம், இப்படி ஒரு வரி!

வந்து நின்ற வண்டிக்காரரிடம் சீட்டைக் கம்பீரமாக நீட்டிவிட்டு, முகம் கழுவப் போனார். வண்டிக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அடுத்த வாரத்துக்குத் ‘துவை’ மட்டும் போதுமா, இல்ல ‘பெருக்கு’ம் சேத்து எழுதிட்டு வரட்டுமா?"