நாக்கில் மாட்டிய செருப்பு

"டால் யாங்கி!" என்றார் துரை மறுபடியும். இந்த முறை கைப்பிரம்பால் மேஜையையும் ஒரு தட்டுத் தட்டினார்.

தோல் ஷாப்பு முதலாளி மக்பூல் அகமது சாயபு தன் இங்கிலீஷ் குமாஸ்தா கோதண்டபாணியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாய்யா சொல்றாரு?"

கோதண்டபாணிக்கு வியர்த்துக் கொட்டியது. துரை மூச்சுவிடாமல் பேசியதில் அந்த இரண்டு சொற்கள்தான் அவர் காதில் நின்றன. டால் என்றால் நெட்டை. யாங்கி என்றால் அமெரிக்காக்காரன். லண்டன் கம்பெனிக்காக ஆம்பூருக்குத் தோல் எடுக்க வந்த மனுஷர், காலங்கார்த்தாலே நெட்டை அமெரிக்காக்காரனைக் கேட்பானேன்?

"அமெரிக்காக்காரன் ஒருத்தனும் தோல் எடுக்க வர்றானாம், சாயபு. ஆள் நல்ல ஒசரமாம்."

"அரே, எனக்குத் தெரியாம எவன்யா அவன்?" என்று சாயபு எழுந்தே விட்டார்.

'எனக்குப் புரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் கோதண்டபாணி வாயில் வராது. எந்த வெள்ளைக்காரன் எந்த இங்கிலீஷ் பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் இந்த உத்தியோகத்திலேயே உட்கார்ந்தார். கப்பல் கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு முழுவதும் இந்தத் துரையை நம்பித்தான் இருந்தது. "துரை சரக்கு எடுக்காம கெளம்பினா, நீயும் அதே ரயில்ல கெளம்பிடுய்யா" என்று சாயபு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது.

துரையின் பெயர் ஓ'கானர். அயர்லாந்துக்காரர். ஆம்பூர் வாயில் விழுந்த மறுநாளே அவர் கோனார் துரை ஆகிவிட்டார்.

அவரை ரயிலில் கொண்டுவந்து விட்ட மெட்ராஸ் ஏஜெண்டு, ஜன்னல் வழியாகக் கோதண்டபாணியிடம் தலையை நீட்டி, "ஆள் தங்கமானவர். ப்ரோக் மட்டும் படுமோசம். அதை நீதான் எப்படியாவது சமாளிக்க வேண்டும்" என்று சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ப்ரோக் என்றால் என்ன என்று பிளாட்பாரத்தில் யாரைக் கேட்பது? கோதண்டபாணி வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினார்.

'ப்ரோக்: ஒன்று. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் வழங்கும் கேலிக் மொழிகளிலிருந்து வந்த சொல். செருப்பு என்று பொருள். பதனிடாத பச்சைத் தோலில் தைத்து, சேற்றுத் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை போட்டது.' கீழே 'இரண்டு' என்று ஒரு எண்ணும் இருந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் போதாதா என்று அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

அதனால் இப்போது சாயபுவின் கவலையைத் திருப்ப அவருக்கு ஒரு வழி கிடைத்தது. "அமெரிக்காக்காரனை விடுங்க, சாயபு. துரைக்குச் செருப்பு சரியில்ல. ஏஜெண்டே சொன்னாரு."

சாயபுவுக்கு முகம் சிவந்தது. "ஆம்பூருக்கு வந்தவனுக்குச் செருப்பு சரியில்லையா? இஜ்ஜத் போயிடும்யா, ஊரு மானமே போயிடும்! வேலுவைக் கூட்டிக்கிட்டுப் போ."

வேலு ஊரிலேயே பேர்போன பூட்ஸ் தைப்பவர். இருவரும் துரை தங்கியிருந்த பங்களாவுக்குப் போய், நாற்காலியில் இருந்தவரின் காலைப் பிடித்தார்கள். துரை துள்ளினார்.

"ஆங்க்கிள்! ஆங்க்கிள்!" என்று கத்தினார்.

கோதண்டபாணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எவ்வளவு தெளிவான இங்கிலீஷ்! "கணுக்கால்னு சொல்றாரு, வேலு. அங்கதான் கடிக்குது போல. நல்லா இழு."

பூட்ஸ் கழன்று வந்தது. வேலு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாத்தானேங்க கீது?"

"உனக்குத் தெரியுமா, டிக்ஷனரிக்குத் தெரியுமா? அவங்க ஊர்ல பச்சைத் தோல்லதான் தைப்பாங்க. ரோமத்தோட. நடுவுல ஓட்டை போடணும்."

"ஓட்டையா? ஓட்டை விழுந்தாத்தான் எங்கிட்ட கொண்டாருவாங்க. நானே போட்டுக் குடுக்கணுமா?"

"போடுய்யான்னா போடு."

"டிக்ஷனரி எழுதினவன் அத்த மாட்டிக்கிட்டு நடந்து பாத்தானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலு பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் வந்த செருப்பை முதலில் பார்த்தவை நாய்கள். பங்களா வாசல் வரை வேலுவின் பின்னாலேயே வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. தோல் ஷாப்பு நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த கோதண்டபாணியே மூக்கைப் பொத்திக்கொண்டார். துரையின் காலில் அதை மாட்டத் தொடங்கியதும் அவர் அலறினார்.

"புட் தெம்! புட் தெம்!"

"போடச் சொல்றாரு, வேலு. அழுத்திப் போடு."

எவ்வளவுக்கெவ்வளவு அழுத்தினார்களோ, அவ்வளவுக்கவ்வளவு துரை "புட் தெம்" என்றார். கடைசியில் உதறினார். ஒரு செருப்பு வாசலுக்குப் பறந்தது. நாய்கள் அதைக் கவ்விக்கொண்டு பஜார் பக்கம் ஓடின. இன்னொன்று, என்ன நடக்கிறது என்று பார்க்க அப்போதுதான் படியேறி வந்த சாயபுவின் மார்பில் விழுந்தது.

சாயபு அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இதுக்கு இன்னாய்யா அர்த்தம்?"

"அவங்க ஊர்ல... ரொம்பப் பிரியமானவங்க மேலதான் போடுவாங்க, சாயபு."

"பிரியமா? ஒன்னும் வேணாம், அவரு பூட்ஸையே திருப்பிக் குடுத்துடுங்க."

வேலு தலையைச் சொறிந்தார். "அளவுக்காக அத்த பிரிச்சுட்டேனுங்களே."

அதன் பிறகு துரை வெறுங்காலோடு பங்களாவிலேயே கிடந்தார். சரக்கைப் பார்க்க ஷாப்புக்கு வர முடியவில்லை. யார் எட்டிப் பார்த்தாலும் "டால் யாங்கி" என்று மட்டும் ஈனசுரத்தில் கேட்டார். சாயபு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரே பேஜாராப் போச்சு. மெட்ராஸ்லேர்ந்து வேற ஆளைக் கூப்பிடப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் உனக்கு டைம்" என்று சொல்லிவிட்டார்.

கோதண்டபாணி வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தார். வேறு போக்கிடம் இல்லாததால், இந்த முறை 'இரண்டு' என்ற எண்ணுக்குக் கீழேயும் படித்தார்.

'கொச்சை வழக்கு. அயர்லாந்துக்காரர் பேச்சில் உள்ள இழுவை. நாக்கில் செருப்பு மாட்டிக்கொண்டு பேசுவது போல இருப்பதால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர்.'

தலையில் அடித்துக்கொண்டார். இதை முதல் வரியில் போட்டால் என்ன கேடு? செருப்பையும் பேச்சையும் ஒரே வார்த்தைக்குள் அடைத்து வைத்திருக்கிற ஜனங்களோடு எவன் காலந்தள்ளுவது?

அவர் மனைவி அமிர்தவள்ளி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க ஆச்சு?"

"துரைக்குக் காலு நல்லாத்தான் கீது. நாக்குதான் திரும்பலையாம்."

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? கொழந்தைக்கு நாக்கு தடிச்சிருந்தா வசம்பைச் சுட்டு, தேன்ல கொழைச்சுத் தடவ மாட்டோமா? அவரும் ஒரு தாய் பெத்த புள்ளதானே?"

கோதண்டபாணிக்கு அது நியாயமாகவே பட்டது. மூழ்குகிறவனுக்கு எது பட்டாலும் நியாயமாகத்தான் படும்.

மறுநாள் வசம்புக் கிண்ணத்தோடு பங்களாவுக்குப் போனார். நம்பிக்கை இல்லாமல் சாயபுவும் கூடவே வந்தார். துரை இவர்களைப் பார்த்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்தார். கோதண்டபாணிக்கு வேண்டியது அதுதான். இரண்டு விரலால் மருந்தை எடுத்து நாக்கில் அப்பினார்.

"புட் தெம்!" என்று கதறினார் துரை, கறுத்த நாக்கோடு. "புட் தெம்!"

"இன்னும் போடச் சொல்றாரு, சாயபு! பிடிச்சுப் போச்சு!" என்று கோதண்டபாணி மறுபடி கிண்ணத்தில் விரலை விட்டார்.

அப்போது வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. பெங்களூரில் தங்கியிருந்த துரைசானி இறங்கி வந்தாள். வெறுங்காலோடும் கரி பூசிய வாயோடும் இருந்த புருஷனைப் பார்த்துத் திகைத்து நின்றாள். துரை அவளைத் தனியாக அழைத்துப் போய் வெகுநேரம் குசுகுசுவென்று என்னவோ சொன்னார். நடுவில் அழுகிற மாதிரியும் இருந்தது.

துரைசானி திரும்பி வந்து, "இங்கே மொழிபெயர்ப்பாளர் யார்?" என்று கேட்டாள். லண்டன் இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

கோதண்டபாணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாளில் முதன்முதலாக ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்திருக்கிறது! இனி உத்தியோகம் போகாது. "நான்தான், மேடம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அம்மா சொல்றதாச்சும் ஒழுங்காப் புரியுதாய்யா?" என்றார் சாயபு.

"தண்ணி மாதிரி புரியுது, சாயபு. ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்றேன் பாருங்க."

துரைசானி பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஊரில் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டேன் என்று என் கணவர் என்னிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்தார், வந்த நாளிலிருந்து 'தோல் எங்கே' என்று கேட்டாராம், 'என் கால், என் கால்' என்று கத்தினாராம், 'போதும், போதும்' என்று கெஞ்சினாராம் — உங்களில் ஒருவருக்குக்கூடவா தமிழ் தெரியாது?"