அம்மனை ஏற்றாத கொழுந்து லொறி

புளத்கொகுபிட்டிய,
2008 மே.

வெளிநாட்டு ஏர்போட்டில் பெட்டி ஏற்றி இறக்கும் மரியாதைக்குரிய மச்சான் யோகராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி மூக்காயியின் புருஷனும் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவரும் டிரைவர்மார் சங்கத் தலைவருமான முத்துவீரன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க முருகன் துணை. சுகம் விசாரித்தது போதும், இனி சண்டைக்கு வருகிறேன்.

போன கடிதத்தில் நீங்கள்தானே எழுதினீர்கள்? பெரிய பிளேன் கம்பெனி கிட்டத்து ஊர்ப் பயணங்களை எல்லாம் சின்னக் கம்பெனிகளிடம் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறது, பைலட்மார் சங்கம் விடாமல் மேசையில் உட்கார்ந்து பேசுகிறது, பேச்சு முடியும்வரை சட்டத்தில் உள்ள வேலைக்கு மேல் ஒரு துரும்பையும் தொடுவதில்லை என்று? இங்கேயும் அதே கதைதான். தோட்டத்தின் மேல் டிவிசன் கொழுந்தை இனி பஜார் ஸஹாப்தீனின் குட்டி லொறிகள் ஏற்றும், நம் லொறி ரோட்டிலிருந்து ஃபெக்டரிக்கு மட்டும் ஓடினால் போதும் என்று மனேஜர் துரை சொல்லிவிட்டார். இன்றைக்கு மேல் டிவிசன், நாளைக்குக் கீழ் டிவிசன், அப்புறம் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். விடுவேனா? சங்கத்தைக் கூட்டி, பைலட்மார் மாதிரியே துரைக்கு எழுதிக் கொடுத்தேன்: பேச்சு முடியும்வரை கொழுந்தைத் தவிர வேறு எதையும் லொறியில் ஏற்றமாட்டோம்.

பைலட்மார் பிளேனில் விறகு ஏற்றுவதில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? நம் லொறியில் கொழுந்து பாதிதான். கோதுமை மா மூட்டை, விறகு, ஸ்கூல் பிள்ளைகள், வயிற்றுவலிக்காரர், கல்யாணப் பந்தல் தகரம் எல்லாம் அதில்தானே போகிறது. துரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கஷ்டப்பட்டது முழுக்க நம்ம ஜனம். நான் அசையவில்லை. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று மா மூட்டையை நானே தலையில் வைத்து மலை ஏறினேன். அதற்குள் திருவிழா வந்துவிட்டது. மேல் டிவிசன் கோயிலிலிருந்து அம்மன் ஊர்வலம் இறங்குவதும் நம் லொறியில்தான், வாழைமரமும் கலர் பல்பும் கட்டி. உங்க தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கொழுந்த தவிர எதையும் ஏத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே. இப்ப அம்மன் நடந்தா வரும்?"

சங்கச் செயலாளர் செல்லையா, அம்மன் மேல் ரெண்டு கூடை கொழுந்தைக் கொட்டி ஏற்றிவிடலாம் என்றார். பூசாரி அவரை அடிக்கப் போய்விட்டார். கடைசியில் ஸஹாப்தீன் காதுக்கு விஷயம் எட்டி, சாமி காரியத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லி ஒரு குட்டி லொறியை அனுப்பிவிட்டார். அம்மன் அதில் குலுங்காமல் நலுங்காமல் வந்து இறங்கியது. பங்களா வாசலில் துரை சிரித்துக்கொண்டே கும்பிட்டார். ஜனம் இப்போது குட்டி லொறி நல்ல லொறி என்று பேசுகிறது. அது அம்மனுடைய அருள், அந்த லொறியின் கெட்டித்தனம் இல்லை. மாதக் கடைசியில் பேச்சுவார்த்தை. துரை முகத்துக்கு நேரே இப்படிச் சொல்வேன்: வெளி லொறி டயர் மேல் டிவிசன் மண்ணுல படாது. வேலை போனாலும் போகட்டும், பயந்து கையெழுத்து வைக்கிற ஆள் நான் இல்ல. பைலட்டா இருந்தா என்ன, கொழுந்து லொறி டிரைவரா இருந்தா என்ன, ஓட்டுறவன் விட்டுக் குடுக்கக் கூடாது மச்சான்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் இதில் வைத்திருக்கிறேன், நீங்களே பார்த்துப் பங்கு வையுங்கள்.

இப்படிக்கு,
யாருக்கும் வளைந்து கொடுக்காத
முத்துவீரன்

பி.கு.: வேறு யாரும் எழுதி உங்களுக்குத் தெரியவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஸஹாப்தீனின் டிரைவர் கேகாலை டவுன் பையன். எப்படியோ மேலே ஏறி வந்தவன், அம்மனோடு திரும்பும்போது நம் மலை ரோட்டின் முதல் வளைவிலேயே பயந்து லொறியை விட்டு இறங்கிவிட்டான். அம்மனை நடுரோட்டில் விட முடியுமா? நான்தான் ஓட்டினேன். நம் லொறியை மூன்று தரம் பின்னுக்கு எடுத்துத் திருப்புகிற வளைவில் அந்தக் குட்டி லொறி ஒரே மூச்சில் திரும்பியது மச்சான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அதை ஓட்டி வந்ததைத் துரையும் பார்த்துவிட்டார். இனி மேசையில் எதைப் பேசுவது என்று பைலட்மாரிடம் கேட்டு உடனே எழுதுங்கள். ஸஹாப்தீன் லொறிச் சாவியைக் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார், எனக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை.