ரெண்டாவது தட்டு

எனக்கு வாய் கிடையாது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் பாயசம் வராவிட்டாலும் கேட்க மாட்டேன். டவுன் பஸ்ஸில் மீதிச் சில்லறை தராவிட்டால் அப்படியே இறங்கிவிடுவேன் (வீட்டுக்கு வந்து புலம்புவேன், அது வேற). அப்படிப்பட்ட நான் ஆஸ்திரேலியாவில், முன்பின் தெரியாத ஒரு தெருவில், தொண்டை கிழியக் கத்தி, பெற்ற மகளின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

மகள் கோகிலா மெல்போர்னில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. ரெண்டு வாரம் எங்கேயோ பாலைவனத்தில், ஒரு வாரம் வீட்டில். அவள் தனியாக இருக்கிறாளே என்று மூன்று மாதம் இருக்கப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் ஒரு கொத்து கருவேப்பிலை வாங்க முடியாது.

கருவேப்பிலைக் கடைக்கு முதலில் ஒரு பஸ். மணிக்கு ஒன்று. ராசிபுரம் பஸ் மாதிரி நினைத்த இடத்தில் நிற்காது, கம்பத்துக்கிட்டதான் நிற்கும். கம்பத்துக்கிட்டயே நின்றாலும் கை காட்டாவிட்டால் போய்விடும் (வேற எதுக்கு நான் அந்தக் கம்பத்துக்கிட்ட நிக்கறேன்? கம்பத்துக்குக் காவலா?). ஏறினால் கண்டக்டர் இல்லை. ஒரு அட்டையை ஒரு பெட்டியில் காட்டினால் 'கீக்' என்று கத்தும், அதுதான் டிக்கெட். இறங்க வேண்டுமானால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் மணி அடிக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சம். ஒருநாள் கோகிலா அசந்து தூங்கிவிட, நான் அமுக்காமலேயே உட்கார்ந்திருந்து, ரெண்டு பேரும் மூன்று ஸ்டாப் தள்ளிப் போய் நடந்து வந்தோம். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கினால் ரயில், ரயிலிலிருந்து இறங்கினால் இன்னொரு பஸ். வீடு வருவதற்குள் கருவேப்பிலையும் வாடிவிடும், நானும் வாடிவிடுவேன்.

டாக்சியில் ஒரே ஒருதரம் போனோம். பின் சீட்டுக்கும் பெல்ட்டு உண்டாம். போட்டுக்கொண்டேன், கழற்றத் தெரியவில்லை. கோகிலா அந்தப் பக்கம் இறங்கிப் பையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாள். டிரைவரே வந்து கதவைத் திறந்து கழற்றிவிட்டார். பேரன் பேத்தி எடுக்கிற வயசில், யாரோ ஒரு ஆம்பளை என் இடுப்புக்கிட்டக் குனியும்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இனி நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோகிலாவுக்கு அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் தற்காலிக வேலை. நிரந்தரம் செய்கிறோம், ஆனால் காலை ஆறு மணி ஷிப்டு, மாசக் கடைசிக்குள் லைசென்சைக் காட்டு என்று சொல்லியிருந்தார்கள். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். இவளோ லைசென்ஸ் பரிட்சையில் ரெண்டு தடவை தோற்றவள். ரெண்டு தடவையும் காரைப் பின்னாலேயே கொண்டுவந்து தெரு ஓரமாக நிறுத்துவதில் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது பரிட்சை மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால். இதை விட்டால் அந்த வேலை இன்னொருத்திக்கு.

"லாரிக்காரன் புள்ளைக்கு ரிவர்ஸ் வரலைன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க," என்று என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து போனில் நொந்துகொண்டார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், அவர் கவலை அவருக்கு.

லாரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. லாரியைப் பின்னாலேயே கொண்டுவந்து அதில் சொருக வேண்டும். கிளீனர் முந்தின ஊரிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான். பின்னால் நின்று வழி சொல்வது என் வேலை. கூச்சப்பட்டுக்கொண்டு வாய்க்குள்ளேயே சொல்வேன். ஒருநாள் கோகிலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படிக் கத்துவது என்று நான் முந்தானையை இழுத்துக்கொண்டு சும்மா நின்றேன். லாரி நிதானமாக வந்து பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய குளியலறைச் சுவரைச் சாய்த்தது. (உள்ளே யாரும் இல்லை, சாமி புண்ணியம்.)

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எந்த வண்டி பின்னால் வந்தாலும், அது யாருடையதானாலும், என் வாய் தானாகத் திறந்துகொள்ளும், கை தானாக எழும்பும். வண்டியின் பாடியில் ஒரு தட்டுத் தட்டினால் நில். ரெண்டு தட்டினால் போ. எங்கள் பக்கம் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கோகிலா அந்த லாரியில், அவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவள்.

பரிட்சை அன்று என்னை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் கூடவே கூட்டிப்போனாள். லைசென்ஸ் ஆபீசில் ஒரு நாற்காலியைக் காட்டி, "இங்கயே உக்காந்திரும்மா, எங்கயும் போயராத," என்றாள். நான் அசையாமல்தான் இருந்தேன். ஆனால் அங்கே வேலை செய்கிற ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து இங்கிலீசில் என்னவோ கேட்டது. தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டது. அதற்கு மேல் தாங்காமல் எழுந்து வெளியே வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு மரத்தடிப் பெஞ்சில் ஒளிந்துகொண்டேன். ஆளே இல்லாத தெரு. வாசலுக்கு வாசல் சக்கரம் வைத்த பெரிய குப்பைத்தொட்டி. நிம்மதியாக இருந்தது.

கோகிலா ஓட்டிய கார் அந்தத் தெருவுக்குத்தான் வந்தது. ஓட்டப் பழகுகிறவர் என்று மஞ்சள் அட்டை ஒட்டிய, டிரைவிங் ஸ்கூல்காரர்களின் வெள்ளைக் கார். பக்கத்து சீட்டில் பரிட்சை வைக்கிற அம்மா, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு. கார் என்னைத் தாண்டிப் போய், ஓரமாக நிறுத்தியிருந்த இன்னொரு காருக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. என் கால் எழுந்தது.

கார் மெல்லப் பின்னால் வந்தது. அதற்கு நேர் பின்னால் ஒரு குப்பைத்தொட்டி. புள்ளைக்கு அது தெரியவில்லை என்று எனக்குப் பட்டது (தெரிந்துதான் வந்தாளாம், பிறகு சொன்னாள்). ஓடிப்போய்க் காருக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்று, கையை வீசி, புதுச்சத்திரம் ரோட்டுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"வரட்டும்... வரட்டும்... லெப்டுல ஒடி சாமி... வரட்டும்... ஹோல்டான்."

ஒரு தட்டு.

கார் நின்றது. சும்மா நிற்கவில்லை. ஓரத்துக் கல்லுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண், முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண், நூல் பிடித்த மாதிரி நின்றது. என் வீட்டுக்காரர் நிறுத்தினால்கூட அப்படி நிற்காது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் புள்ளைக்கா ரிவர்ஸ் வராது? அந்தப் பெருமையில், மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுப்போமே, அதைப்போல, அந்தக் காரைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன்.

அது ரெண்டாவது தட்டு.

லாரிக்காரர் மகள் கேட்டது ரெண்டு தட்டு. போ. கியர் இன்னும் ரிவர்சில்தான் இருந்தது. கார் ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் வந்து குப்பைத்தொட்டியைத் தள்ளிவிட்டது. நான் எகிறித் தப்பித்தேன். மூடி திறந்து, யாரோ ஒருத்தர் வீட்டுப் பழத்தோலும் முட்டை ஓடும் அந்தத் துடைத்துவைத்த தெருவில் உருண்டு போயின.

பரிட்சை வைக்கிற அம்மா இறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் காருக்குள் குனிந்து இவர் யார் என்று கேட்க, கோகிலா முதலில் தெரியாது என்றுதான் சொன்னாளாம். அது எனக்குத் தெரியாதல்லவா? நான் வேறு கிட்டே போய், "சாமி, பயப்படாத, எறங்கி வா," என்று கண்ணாடியைத் தட்டினேன். கோகிலா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காகிதத்தில் எழுத ஆரம்பித்தார், ரொம்ப நேரம் எழுதினார்.

பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின திருப்பத்தில் நானே சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

மணிச் சத்தம் கேட்டுத்தான் கோகிலா வாயைத் திறந்தாள். "ஏம்மா ரெண்டாவது தட்டு தட்டுன?"

"நல்லா நிறுத்தியிருந்தே சாமி. அதுக்குத்தான்."

அவள் மூஞ்சியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, ரெண்டு தட்டுக்கும் நடுவுல எத்தன நேரம் உட்டே?"

"கண்ணச் சிமிட்டற நேரமுங்க."

"அப்ப அது 'போ'தான். புள்ள மேல தப்பில்ல," என்று தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டார்.

வேலை இன்னொருத்திக்குப் போனது. கோகிலா தற்காலிகமாகவே எட்டு மாதம் மத்தியான ஷிப்டு பார்த்தாள், பஸ்ஸும் ரயிலும் பஸ்ஸுமாக. நான் ஊருக்கு வந்த பிறகு நாலாவது பரிட்சைக்குப் போனாள். அதே பரிட்சை அம்மாதான் வந்தார். காரில் ஏறுவதற்கு முன்னால் நின்று, "உங்கம்மா எங்கே?" என்று கேட்டாராம். இந்தியாவில் என்றாளாம். அதன் பிறகுதான் ஏறி பெல்ட்டைப் போட்டாராம். தேறிவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் எந்த வண்டி கிளம்பினாலும் என் ரெண்டு கையிலும் எதையாவது கொடுத்துவிடுவார்கள். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் முறம். கை காலியாக இருக்கக் கூடாதாம்.

போன தை மாதம் கோகிலா வந்துவிட்டுக் கிளம்பினாள். நாமக்கல் வாடகைக் கார், ஏர்போர்ட்டுக்கு. அவர் எனக்குக் கைக்கொரு தேங்காய் கொடுத்து நிறுத்தியிருந்தார். கோகிலா சன்னலில் தலையை நீட்டி, "அப்பா, அந்தத் தேங்காயை வாங்கிக்கங்க. அம்மா, ரெண்டு தட்டுத் தட்டும்மா. போய்ட்டு வாரேன்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தேங்காய்களைக் கொடுத்துவிட்டுக் கிட்டே போனேன். ஒரு தட்டுத் தட்டினேன்.

அடுத்த தட்டுக்குக் கை எழும்பவில்லை.

டிரைவர் நம்ம பக்கத்து ஆள். கிளப்பின இஞ்சினை அணைத்துவிட்டு, ரெண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தான்.