ஒரே வெள்ளிக்கிழமையில் முடித்த ஆறு கிழமைப் பயிற்சி

கண்ணகை அம்மன் முன்நிற்க

தேற்றாத்தீவு,
சித்திரை 27

வவுனியாவில் வீடும் பிள்ளைகளுமாய் இருக்கும் என் அன்புத் தங்கச்சி பிரஷாந்திக்கு, அக்கா அன்னப்பூரணி எழுதுவது. அம்மன் கண்பார்வையில் இங்கே உன் அத்தான் நல்லரத்தினம் சுகம், பசு சுகம், என் வலக்கை எல்லாரையும் விடச் சுகம். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய் என்பதால் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து முன்னையைவிட வடிவாக இருப்பதைக் கவனி. எல்லாம் பயிற்சியின் பலன்.

"அக்காவுக்கு ஏலாட்டி சடங்கில நெல்லுக்குத்த நான் வாறன்" என்று நீ சொல்லியனுப்பியது கிடைத்தது. வரவேண்டாம். வைகாசிச் சடங்கில் அம்மனுக்கு நெல்லுக்குத்த எங்கள் குடிக்கு ஒரே ஓர் உலக்கைதான் உரித்து. இருபத்திரண்டு வருடமாக அதை நான் பிடிக்கிறேன். நீயோ மிளகாய்த்தூளையும் கடையில் வாங்குகிறவள்.

நடந்ததைக் கேள். மாசியில் வாவிக்கரைக்கு இறால் வாங்கப் போய், தோணியடியில் வழுக்கி விழுந்தேன். இறால் ஒன்றுகூடக் கொட்டவில்லை, மணிக்கட்டுத்தான் முறிந்தது. ஆறு கிழமை கழித்து பிளாஸ்டரைக் கழற்றியபோது, ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தருகிற அஸ்மியா என்ற காத்தான்குடிப் பிள்ளை ஒரு றப்பர் பந்தைத் தந்து, "காலையில பத்து, பகல் பத்து, பின்னேரம் பத்து, ஆறு கிழமைக்கு அமத்துங்க அம்மா" என்றது. வீட்டுக்கு வந்து, நாளுக்கு முப்பது, நாற்பத்திரண்டு நாள் என்று கொப்பியில் பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று அறுபது. அம்மனுக்கு ஆயிரத்தெட்டுப் போற்றியை நாளுக்கு முப்பதாகப் பிரித்தா சொல்கிறோம்? ஒரே இருப்பில்தானே முடிக்கிறோம்? வெள்ளிக்கிழமை முழுகி, விளக்கேற்றி, இடக்கையில் உருத்திராக்க மாலையும் வலக்கையில் பந்துமாக இருந்துவிட்டேன். ஒரு மணியை உருட்ட ஓர் அமத்து. நூற்றெட்டு மணி, பன்னிரண்டு சுற்று. கணக்குக்கு மேலே முப்பத்தாறு வந்தது, அது அம்மனுக்கு.

சனிக்கிழமை விடிய, கை பணியாரம் போலப் பொங்கிக் கிடந்தது. அத்தான் சும்மா இருப்பாரா? "என்ன புள்ள, ஆறு கிழமை வீக்கமும் ஒண்டா வந்திட்டா?" என்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அஸ்மியா தலையில் கையை வைத்துவிட்டது.

"ஆரம்மா உங்கள இப்பிடிச் செய்யச் சொன்ன?"

"சடங்குக்கு உலக்கை பிடிக்கவேணுமே, எல்லாம் முடிச்சிட்டன் மகள். முப்பத்தாறு கூடவும் இருக்கு."

"ஒரு மாசச் சோத்த ஒரே நாளில தின்னுவீங்களா?"

"நான் தின்னமாட்டன். இவர் தின்னுவார்."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "எலும்பு உங்கட கொப்பியப் பாத்து ஆறாது அம்மா. இன்னொருக்கா அவசரப்பட்டா இந்த வருஷமில்ல, இனி எப்பயும் உலக்கை தூக்க ஏலாமப் போகும்" என்றது.

தங்கச்சி, அன்றோடு நான் ஆளே மாறிவிட்டேன். பத்து நாள் ஓய்வு, பிறகு முதலிலிருந்து பத்து, பத்து, பத்து. ஒரு நாளும் கூடவுமில்லை, குறையவுமில்லை, எல்லாம் கொப்பியில் இருக்கிறது. பொறுமையை என்னைப்போல இவ்வளவு கெதியாக, பத்தே நாளில் படித்தவள் இந்த ஊரில் இல்லை. கால் சுளுக்கினவர்கள், தோள் பிடித்தவர்கள் எல்லாரும் இப்போது என்னிடம்தான் புத்தி கேட்கிறார்கள், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். உலக்கை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. கடந்து போகும்போது கும்பிடுவதோடு சரி, விரலால்கூடத் தொட்டதில்லை.

ஆகையால் நீ பஸ்ஸில் இடிபட்டு வரவேண்டாம். சடங்கு முடிய விபூதியும் மஞ்சளும் அனுப்பிவைப்பேன். உன்னையும் பிள்ளைகளையும் அம்மன் குளிரப் பார்க்கட்டும். உன் கைகால் நோகாமல் இருக்கட்டும்.

பொறுமையுடன்,
அக்கா அன்னப்பூரணி

பி.கு.: பிரஷாந்தி, இது அத்தான். அவ சொல்லச் சொல்ல இவ்வளவையும் எழுதினது நான்தான். கையெழுத்து வடிவா இருக்கிறதும் அதாலதான். முந்தநாள் நான் கடைக்குப் போன நேரம் உலக்கைய எடுத்து ஒத்திகை பாத்திருக்கிறா. மூண்டாவது குத்தில மணிக்கட்டு திரும்பப் போய்ட்டு. இப்ப முழங்கை வரைக்கும் பிளாஸ்டர். அழவுமில்ல, "கொப்பியில மூண்டு எண்டு போடுங்க" எண்டு மட்டும் சொன்னா. நீங்க சடங்குக்கு ரெண்டு நாள் முந்தி வாங்க. நான் கூப்பிட்டதாச் சொல்லவேணாம், சும்மா வந்த மாதிரி வாங்க. உலக்கை பிடிக்க அவவே பக்கத்தில இருந்து சொல்லித்தருவா. அதுக்கு நல்ல பொறுமை வேணும், உங்களுக்கு. "கடிதம் முடிஞ்சுதே, இன்னும் என்ன எழுதுறீங்க?" எண்டு கேக்கிறா. விலாசம் எழுதுறன் எண்டு சொல்லியிருக்கிறன்.