இடது ஹாரனுக்கு ஜலதோஷம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டாவது காபியும் உள்ளே இறங்கிய பிறகு, இடது பக்கத்து ஹாரனுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று தராசார் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அடுத்த நிமிஷமே குற்றவாளி யார் என்பதையும் முடிவு செய்துவிட்டார். சாட்சியைத்தான் இனிமேல் தேட வேண்டும்.

தராசார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கடைத்தெரு வைத்தது. அவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் கற்றது ஒன்றுதான்: உலகத்தில் உள்ள ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் யாரோ மெழுகு ஒட்டி வைத்திருக்கிறார்கள். எதிரில் ஒருவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறார் என்று யோசிப்பார்.

அப்படிப்பட்டவர் நம்பியது இரண்டே இரண்டு ஜீவன்களை. இரண்டும் அவர் வீட்டு ஹாலில் நின்றன. பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை இடித்தபோது திரைக்குப் பின்னாலிருந்து மீட்டுக்கொண்டு வந்த ஹாரன் ஸ்பீக்கர்கள். ஆள் உயரம். ஒவ்வொன்றின் வாயும் ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்காரும் அகலம். பக்கத்தில் இரண்டு கண்ணாடி வால்வு மினுங்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். அது கொடுக்கும் துளிச் சத்தத்தை ஹாரன் வாங்கி ஹால் முழுக்கப் பரப்பிவிடும். பாடகர் மூச்சு இழுப்பது கேட்கும். வயலின்காரர் நாற்காலியில் நகர்ந்து உட்காருவது கேட்கும். இரண்டு ஹாரனுக்கும் நடு மையத்தில் ஒரு நாற்காலி, அதன் நான்கு காலையும் சுற்றிச் சாக்பீஸ் வட்டம். அதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் பின்னறையில் தையல் வகுப்பு நடத்தினாள். ஐந்து மெஷின், ஐந்து பெண்கள். ஒருத்தி நூல் எடுக்க எழுந்தால் மற்ற நால்வரும் காலை மடக்க வேண்டும். ஆறு வருஷமாக அவள் ஹாலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹாலைத் தவிர எதை வேணா கேளு" என்பார் தராசார்.

"ஹாலைத் தவிர இந்த வீட்ல கேக்கறதுக்கு என்ன இருக்கு? உங்க நாற்காலியா? அதுலயும் உக்கார விடமாட்டீங்க."

அந்த ஹால் இல்லாவிட்டால் தனக்கு வாழ்க்கையில் வேறு சுகமே கிடையாது என்று தராசார் மனதார நம்பினார். ஆறு நாள் கடைத்தெருவில் திட்டு வாங்குகிற மனிதருக்கு ஏழாம் நாள் பிடிமானம் அதுதான்.

அதனால்தான் அன்றைக்கு ரெக்கார்டை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். வலது ஹாரன் கணீரென்று பாடியது. இடது ஹாரன் போர்வைக்குள்ளிருந்து முனகியது. எழுந்து போய் இடது ஹாரனுக்குள் கையை விட்டார். கை எட்டாத இடத்துக்குத் தலையை விட்டார்.

"என்ன தேடுறீங்க?" மனைவி வாசற்படியில் நின்று கேட்டாள். அவள் இஞ்ச் டேப் கழுத்தில் தொங்கியது.

"பஞ்சு."

"அதுக்குள்ளயா? தலகாணி வேணும்னா அலமாரில இருக்கு."

"யாராச்சும் பஞ்சு அடைச்சிருக்காங்களான்னு பாக்கறேன்."

"யாராச்சும்னா?"

"யாராச்சும்."

"இந்த வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. ஒருத்தர் புனலுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறாரு. மிச்சம் யாருன்னு நீங்களே கழிச்சுப் பாத்துக்கங்க."

ஹாரனை அவள் புனல் என்றுதான் சொல்வாள். பஞ்சு கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. சாதாரணத் திருடர்கள் தடயம் விட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்தார். ஒரு மாதமாக அவள் ஹாலைக் கேட்கவே இல்லை. ஆறு வருஷம் விடாமல் நச்சரித்தவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பெயர் மனமாற்றமா? கிடையாது, சதி. எப்போதும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள், இப்போது அவருடைய இடது பக்கத்துக்கு மாறிவிட்டாள். கேட்டால் ஜன்னல் வெளிச்சமாம். போதாததற்கு முகத்தில் ஒரு சாந்தம். மெதுவாக ஏதேதோ முனகிக்கொண்டே பரிமாறுகிறாள். இப்போதும் மெஷின், நூல் என்று என்னவோ முனகினாள். மனைவி முனகினால் 'ம்' போடுவது அவருக்குக் கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து பழக்கம். 'ம்' போட்டுவிட்டு யோசனையைத் தொடர்ந்தார்.

கடைத்தெருவிலும் கொஞ்ச நாளாக யாரும் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பதில்லை. தன்மேல் மரியாதை வந்துவிட்டது என்று அதை மட்டும் சந்தேகப்படாமல் எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் தொழில்முறைப்படி விசாரணையில் இறங்கினார். கள்ளத் தராசைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இடது தட்டில் இருப்பதை வலது தட்டுக்கும், வலதில் இருப்பதை இடதுக்கும் மாற்றிப் போட வேண்டும். கோளாறு கல்லிலா தராசிலா என்று உடனே தெரிந்துவிடும். முதலில் ஒயர்களை மாற்றினார். இடதுதான் முனகியது. ஹாரனுக்குப் பின்னால் இருக்கும் ஒலிக்கும் தலையைக் கழற்றி மாற்றினார். இடதுதான் முனகியது. கடைசியில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இரண்டு பேரைக் கூட்டிவந்து ஹாரன்களையே இடம் மாற்றினார். ஒரு வாரமாக முனகிய ஹாரன் வலது பக்கம் போனதும் கணீரென்று பாடியது. நேற்றுவரை பாடிய ஹாரன் இடது பக்கம் வந்ததும் முனகியது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். தராசாரும் யோசித்தார். தான் மாற்ற மாற்ற அவளும் பின்னாலேயே வந்து மாற்றுகிறாள் என்ற முடிவுக்கு வந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அடுத்த நாள் ஆபீஸிலிருந்து ஈயமும் கம்பியும் குறடும் கொண்டுவந்து இரண்டு ஹாரனுக்கும் முத்திரை வைத்தார். கம்பியை அறுக்காமல் யாரும் உள்ளே கை வைக்க முடியாது.

"வீட்டு சாமானுக்குக் கவர்ன்மெண்ட் சீலா?" என்றாள் மனைவி.

"ஏன், உனக்கு ஏதாச்சும் கஷ்டமா?"

"எனக்கென்ன கஷ்டம். தூசி தட்டணும்னா இனிமே மனு எழுதிப் போடணுமான்னு கேட்டேன்."

மாலையில் பார்த்தார். முத்திரை அப்படியே இருந்தது. இடது ஹாரனும் அப்படியே முனகியது. ஆக, கள்ள முத்திரை போடும் அளவுக்கு இவள் தேறிவிட்டாள். தராசாருக்குக் கோபத்தையும் மீறி ஒரு பயம் வந்தது. இருபது வருஷமாகக் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறதே.

வெளி ஆள் ஒருவர் வந்து கேட்கட்டும் என்று முடிவு செய்து மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். அவரைச் சாக்பீஸ் வட்டத்து நாற்காலியிலேயே உட்கார வைத்தார். இப்படி ஒரு கௌரவம் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. ரெக்கார்டு ஓடியது. மச்சான் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாப்ளே."

"நல்லாக் கேளுங்க மச்சான். இடது பக்கம் மந்தமா இல்ல?"

"இல்லையே."

"லிஃப்ட் சத்தத்துலயே இருந்து உங்க காது மரத்துப் போச்சு." தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். "உங்க தங்கச்சிதான் ஏதோ பண்றா. கையும் களவுமா பிடிக்க முடியல, அவ்ளோதான்."

மனைவி கோபப்படவில்லை. அவருக்கு இடது பக்கமாக நின்றிருந்தவள், முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"ஒருவேள உங்க காது...?"

"என் காதா? ஒரு கிராம் கொறஞ்சாத் தராசு முள்ளு முனகறது எனக்குக் கேக்கும். ரெண்டு காதும் பத்தரை மாத்து."

"அப்ப எழுதிக் குடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு ஸ்பீக்கர் ரிப்பேர்காரன் வந்து, சார் காதுதான் சரியில்லன்னு சொல்லிட்டு வேலை செய்யாமத் தப்பிச்சுட்டான்னா? அவன் வாயை அடைக்க ஒரு காகிதம் இருக்கட்டும்."

அடடா, நியாயமான சந்தேகம். கூடவே இருந்து தன் புத்தி கொஞ்சம் இவளுக்கும் வந்திருக்கிறது என்று தராசாருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. காகிதம் எடுத்தார். 'கீழே கையொப்பமிட்டுள்ள எனது இரு காதுகளும் முறைப்படி சோதிக்கப்பட்டன. அவை பிழையின்றி இயங்குகின்றன எனச் சான்றளிக்கப்படுகிறது.'

"எப்பலேர்ந்துன்னு போடலையே" என்றாள் மனைவி.

'கடந்த இரண்டு மாத காலத்தில் ஒரு நாளும் குறை காணப்படவில்லை' என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். கை சும்மா இருக்காமல் முத்திரையும் குத்தினார். மச்சான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை அவள் நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை மச்சான் மட்டும் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆறு புதுத் தையல் மெஷின். ஒரு நீளமான வெட்டு மேஜை. கூடவே மச்சானும், மூட்டை தூக்கும் அதே இரண்டு பேரும்.

"எங்க வர்றீங்க? இது யாரு வீடு?" என்று தராசார் வழிமறித்தார்.

"ஹாலுக்குத்தான்" என்றாள் மனைவி. "மொதல்ல புனல் ரெண்டும் பின்னறைக்குப் போகணும். அப்புறம் மெஷின் வரணும்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான்."

"என்னையா? எப்ப?"

அவள் அளவு எழுதும் நோட்டை எடுத்துவந்தாள். தோள் பதினாலு, கை ஒன்பது என்ற வரிகளுக்கு நடுவே தேதிகள் இருந்தன. அவருக்கு எதிரே நின்று, கணீரென்று படித்தாள்.

"போன மாசம் நாலாந்தேதி, சாப்பிடறப்ப. 'ஹாலை வகுப்புக்கு எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டேன். 'ம்'னீங்க. பதினொண்ணாந்தேதி. 'புனலைப் பின்னறைக்கு மாத்திரலாமா'ன்னேன். 'செய், செய்'னீங்க. போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு. 'ஆறு மெஷின் சொல்லிரட்டுமா'ன்னேன். 'ம்'னு தலைய ஆட்டிட்டுத் தண்ணி கேட்டீங்க."

"இதெல்லாம் என் காதுல விழவே இல்ல."

தங்கை கொடுத்து வைத்திருந்த காகிதத்தை மச்சான் சட்டைப் பையிலிருந்து எடுத்து மெதுவாகப் பிரித்தார். முத்திரை நன்றாகவே விழுந்திருந்தது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மனைவி. "காது சரின்னா, நீங்க சம்மதிச்சது சரி. காது சரியில்லன்னா இந்த முத்திரை பொய். பொய் முத்திரைக்கு என்ன தண்டனைன்னு உங்க ஆபீஸ் சொல்லும்."

என்ன தண்டனை என்று தராசாருக்குத் தெரியும். அவரே பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஹாலைப் பார்த்தார். ஹாரன்களைப் பார்த்தார். அழக்கூடத் தோன்றியது, ஆனால் மூட்டை தூக்குகிறவர்கள் எதிரே நின்றார்கள்.

"கடைசியா ஒரு தடவ இந்த இடத்துல கேட்டுக்கறேன்" என்றார்.

"தாராளமா கேளுங்க. ஆனா நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

"ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டியா?"

"இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றதக் கேளுங்களேன்."

வாதாடத் தெம்பில்லாமல் நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ரெக்கார்டு ஓடியது. நேற்றுவரை வலது பக்கம் நின்று கணீரென்று பாடிய ஹாரன் இப்போது அவருக்கு இடது பக்கம் இருந்தது. அது முனகியது. முனகிக்கொண்டிருந்தது கணீரென்று பாடியது.

தராசார் இதுவரை மாற்றியதை எல்லாம் கணக்குப் போட்டார். ஒயரை மாற்றினார், தலையை மாற்றினார், ஹாரனையே மாற்றினார். மாற்றாதது தன்னை மட்டும்தான். மெதுவாக ஒரு விரலை எடுத்து இடது காதை அடைத்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. வலது காதை அடைத்தார். பாட்டு நின்றது. எதிரே சுவரோரம் நின்ற வேன்காரர் வாயசைத்து ஏதோ சொல்ல, மச்சான் வாயசைத்துச் சிரித்தார்.

விரலை எடுத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஒன்றரை மாசம் இருக்கும். உங்க இடது பக்கம் டம்ளர் விழுந்துது. நீங்க வலது பக்கம் திரும்பிப் பாத்தீங்க."

"படுபாவி. காது அடைச்சிருக்கு, டாக்டர்கிட்ட போங்கன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் நோட்டில் ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள்.

"சொன்னேனே. மூணாந்தேதி. 'ம்'னீங்க."